பெண்களுக்குத் தனிப் படிக்கட்டு

சந்திரலேகாவுக்கு முதுகுவலி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் செட் தயாரிக்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. லைன் முடிகிற இடத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு செட்டையும் எடுத்து, முனைகளை இழுத்துப் பார்த்து, கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து அடுத்த டிரேயில் வைக்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நிற்கிற வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்காரும்போது இடுப்புக்கு மேலே யாரோ கை வைத்து அழுத்துவது போல இருக்கும். கம்பெனி கிளினிக்கில் ஒரு ஸ்பிரே கொடுத்தார்கள். அது மணத்தது, அவ்வளவுதான்.

கடைசியில் குன்றத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்த்தாள். அவர் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"எலும்புல ஒண்ணும் இல்லம்மா. முதுகைத் தாங்குற தசைக்குப் பலம் போதல. மாத்திரையைப் போட்டுக்கிட்டே எத்தனை நாள் ஓட்டுவீங்க? பக்கத்துல நல்ல ஜிம்மா பாத்து சேருங்க. ஆனா சொல்லிக் குடுக்கறவங்க யாருன்னு பாத்து சேருங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். காய்கறிக் கடையில் கூட ஒரு கத்திரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுகிறவள் இல்லை.

முதலில் ஒரகடம் கூட்ரோடு பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஜிம்முக்குப் போனாள். நல்ல ஏசி, சுவரெல்லாம் கண்ணாடி. கவுன்டரில் இருந்த பெண் பேரைக் கேட்பதற்கு முன்னால் எடை மெஷினில் ஏறச் சொன்னாள். ஏறினதும், எத்தனை மாசத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் குறைக்க வரவில்லை, முதுகுவலிக்காக வந்தேன் என்றதும் ஒரு டிரெயினரைக் கூப்பிட்டாள். அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே வந்தான்.

"முதுகுவலியா? வெயிட் தூக்க ஆரம்பிச்சா ஓடியே போயிடும் மேடம்."

வலி எங்கே, எப்போது, எத்தனை நாளாக என்று ஒன்றும் கேட்கவில்லை. சந்திரலேகா நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் நெல்லையப்பன் இதைக் கேட்டுச் சிரித்தான். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் சுரண்டைப் பக்கம். கல்யாணமாகி சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தார்கள். அவன் வேறொரு கம்பெனியில், தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் ஆபரேட்டர். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த கையோடு, மெயின் ரோட்டில் இருக்கும் வஜ்ரா ஃபிட்னஸில் சேர்ந்திருந்தான்.

"ஏளா, ஒரு ஜிம்முல சேர இம்புட்டு விசாரணையா? மாப்பிள்ளைக்கு விசாரிக்கத மாதிரில்லா விசாரிக்க."

"மாப்பிள்ளைக்கு விசாரிக்கையில இதுல பாதிகூட விசாரிக்கல. அதான் இப்ப விசாரிக்கேன்."

"சரி, எங்க ஜிம்முக்கு வா. பொம்பளையளுக்குத் தனி நேரம், தனி ஹால். சொல்லிக் குடுக்கதும் பொம்பளதான், ஓனரு சம்சாரம். நல்லாதான் சொல்லிக் குடுக்காவ. தெனமும் ஆளு வருது. பாய் விரிச்சு வரிசையா செய்வாவ."

இத்தனை விவரம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் போகிற இடம் என்பதே ஒரு நல்ல அடையாளமாகப் பட்டது. சாயங்காலம் ஓய்வு கிடைக்கிற முதல் ஷிஃப்ட் வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள்.

வஜ்ரா ஃபிட்னஸ், கம்பி சிமெண்ட் விற்கிற கடையின் மாடியில் இருந்தது. கடைக்கு முன்னால் ஒரு படிக்கட்டு. பக்கவாட்டுச் சந்தில் இன்னொரு இரும்புப் படிக்கட்டு. சந்தின் முனையில் ஒரு போர்டு: பெண்களுக்குத் தனிப் படிக்கட்டு, தனி ஹால், பெண் பயிற்சியாளர். விசாரிக்க வந்திருப்பதால் நெல்லையப்பன் அவளை முன்பக்கப் படியிலேயே கூட்டிக்கொண்டு போனான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

ஓனர் மோகன் எழுந்து வந்து வரவேற்றார். நாற்பது வயதிருக்கும். தோள் அகலமானவர், கழுத்தில் ஒரு மெல்லிய செயின். அந்த பில்டிங் இருக்கும் இடத்தில் அவர் அப்பா எல்லப்பன் காலத்தில் நெல் விளைந்ததாம். அதை அவரே சொன்னார்.

"வாங்க சிஸ்டர். ப்ரோ சொல்லிகினே இருந்தாரு. இன்னிக்கு ஃப்ரீ டிரயல். பாருங்க, செய்ங்க, புடிச்சா சேருங்க. புடிக்கலன்னா நோ ப்ராப்ளம்."

அவர் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. ரிசப்ஷனை ஒட்டியிருந்த ஒரு கதவைத் தட்டி, "சுபா, நியூ அட்மிஷன் ஒண்ணு" என்று குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

உள்ளே சுபஸ்ரீ இருந்தாள். மோகனின் மனைவி. டிராக் பேண்ட், முழங்கால் வரை தொங்கும் டீ-ஷர்ட், தலையில் மல்லிகைப்பூ. சந்திரலேகாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வலிக்குது? கை வெச்சுக் காட்டுங்க."

காட்டினாள்.

"காலுக்கு எறங்குதா? மரத்துப் போவுதா? டாக்டரைப் பாத்தீங்களா?"

"இறங்கல. பிசியோவப் பாத்தேன். தசைக்குப் பலமில்லன்னு சொன்னாவ."

"அப்ப எடுத்ததும் வெயிட் வேணாம். கொஞ்ச நாளு தரையிலயே செய்யலாம். வலிச்சா உடனே சொல்லணும், பல்லக் கடிச்சிகினு செய்யக் கூடாது. நான் பெரிய படிப்பு ஒண்ணும் படிக்கல, பல்லாவரத்துல ஒரு கோர்ஸ் முடிச்சேன். எனக்குத் தெரியாததைச் செய்ய வெக்க மாட்டேன்."

கேட்க நினைத்திருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேட்காமலே பதில் வந்துவிட்டது. மீதியை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டாள். பாத்ரூம் சுத்தமாக இருந்தது. பாய்கள் கிழியவில்லை. ஜன்னல்களில் வெளியிலிருந்து தெரியாதபடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ரஞ்சனி என்ற ஒருத்தி தானாகவே வந்து பேசினாள். அதே ஊர்க்காரி, ஒரு கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசர்.

"தைரியமா சேருக்கா. என் மூட்டுவலி இங்க வந்துதான் போச்சு. எங்க வூட்ல வுட்டதே இந்தத் தனிப் படிக்கட்டு கீதுன்னுதான். ஒரு ஆம்பள மூஞ்சியப் பாக்க வேணாம், வந்தமா போனமான்னு இருக்கலாம்."

சந்திரலேகா துப்பட்டாவை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பாயில் இறங்கினாள். கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே இறக்கச் சொன்னாள் சுபஸ்ரீ. அப்புறம் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. எளிதாகத் தெரிந்தது, ஆனால் இரண்டு தடவையிலேயே தொடை நடுங்கியது. சுபஸ்ரீ வயிற்றில் விரலால் தொட்டு, "இங்க இறுக்குங்க, மூச்சை அடக்காதீங்க" என்றாள். இறுக்கினதும் முதுகில் இருந்த பாரம் கொஞ்சம் இடம் மாறியது போல இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மனதுக்குள் சேர்ந்தே விட்டாள்.

அப்படி மல்லாந்து கிடந்தபோதுதான் கூரையின் மூலையில் அந்தக் கேமராவைப் பார்த்தாள். வெள்ளையாக, குமிழ் போல, சின்னது.

"அக்கா, அது ஓடுதா?"

"எது? கேமராவா? ஓடுது. போன வருஷம் ரஞ்சனி போன் காணாப் போச்சு. அவதான் கேமரா மாட்டுங்கன்னா."

"ஆமாக்கா, புது போனு" என்றாள் ரஞ்சனி, குனிந்து எழுந்துகொண்டே.

"அது எங்க தெரியும்?"

"ஆபீஸ் ரூம்ல ஒரு டிவி கீது. எங்க வூட்டுக்காரர் மட்டுந்தான் அங்க போவாரு" என்றாள் சுபஸ்ரீ.

நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த டிவியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் செய்துகொண்டிருக்கும்போதே அவளுடைய பயிற்சி முடிந்தது. பெண்கள் போகும் வழியைக் காட்டினாள் சுபஸ்ரீ. செருப்பு முன்பக்கம் இருக்கிறது என்று சொல்லி, சந்திரலேகா துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்த கதவு வழியாகவே ரிசப்ஷனுக்குப் போனாள்.

அடுத்த நேரத்துக்கான ஆண்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் ஐந்தாறு பேர். ஒருவர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் காகிதக் கப்பில் டீயோடு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் செஞ்ச. மொத நாளே இடுப்பை அம்புட்டு நேரம் தூக்கி நிறுத்திட்ட. எனக்கே வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் தாடையால் எதிர்ச் சுவரைக் காட்டினான்.

அங்கே வாசலுக்கு மேலே, உள்ளே வரும்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில், ஒரு பெரிய டிவி. திரை நான்காகப் பிரிந்திருந்தது. ஒன்றில் கீழே வண்டிகள் நிற்கிற இடம். ஒன்றில் படிக்கட்டு. ஒன்றில் ஆண்களின் ஹால். நான்காவதில் அவள் இப்போதுதான் எழுந்து வந்த பாய். அதற்குப் பக்கத்துப் பாயில் ரஞ்சனி மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். படம் தெளிவாக இருந்தது. டீ-ஷர்ட் நழுவி வயிறு தெரிவது வரை தெரிந்தது.

சந்திரலேகா நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற டிவியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் ஒருவர் போனுக்குக் குனிந்துகொண்டார். அது அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அவள் மோகனிடம் போனாள்.

"அண்ணே, இந்த டிவி ஆபீஸ் ரூம்ல இருக்குன்னு அக்கா சொன்னாவளே."

"இருந்திச்சு சிஸ்டர். புரோட்டீன் ஸ்டாக்லாம் வெக்க இடம் இல்ல, ஆபீஸ் ரூமை ஸ்டோர் ஆக்கிட்டேன். டிவிய இங்க மாட்டிட்டேன்."

"லேடீஸ் ஹாலும் இதுல தெரியுது."

"நாலு கேமராவும் ஒரே செட்டு. தெரியத்தான் செய்யும். எல்லாம் உங்க சேப்டிக்குத்தாம்மா."

"இங்க இத்தன ஆம்பளைய உக்காந்து பாக்காவல்ல?"

மோகன் திரும்பி டிவியைப் பார்த்தார். தினமும் பார்க்கிற ஒன்றை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி ஒரு கணம் நின்றார். ஆனால் அதற்குள் நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் இவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"இங்க வர்றவங்க எல்லாம் டீசன்ட் பார்ட்டிம்மா. யாரும் அந்த மாதிரி பாக்க மாட்டாங்க. இத்தினி நாளா ஒரு லேடி கூட கம்ப்ளெய்ண்ட் பண்ணதில்ல."

"அவங்களுக்குத் தெரியாதுல்லா. அவங்க சந்து வழியா வந்து சந்து வழியா போறாவ."

நெல்லையப்பன் எழுந்து அவள் முழங்கையைத் தொட்டான். "வா, வீட்டுல போயி பேசிக்கிடலாம்."

அவளும் ஒரு கணம் அதைத்தான் நினைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். பிடிக்கவில்லை என்றால் சேர வேண்டாம், அவ்வளவுதானே. இன்னும் ஒரு ரூபாய் கூடக் கட்டவில்லை. திரையில் ரஞ்சனி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைக் கோதிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சந்திரலேகா திரும்பி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா, டிவி ஆபீஸ் ரூம்ல இல்ல. வெளிய, ஆம்பளைய உக்காருத எடத்துல இருக்கு. நாம செய்யுதது அம்புட்டும் அதுல தெரியுது."

சுபஸ்ரீ புரியாமல் பார்த்தாள். அவளும் சந்துப் படியில்தான் வந்து போகிறவள். "இல்லையே, ஆபீஸ் ரூம்லதான..."

"நீங்களே வந்து பாருங்க."

சுபஸ்ரீ போனாள். பின்னால் ரஞ்சனி போனாள். மற்றவர்கள் துப்பட்டாவையும் துண்டையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ரிசப்ஷனில் பேச்சு நின்றது. பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்கள். நான்காவது கட்டத்தில் இப்போது காலிப் பாய்கள் மட்டும் கிடந்தன. ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடி நிறம் கூடத் தெரிந்தது.

பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தவர் மெதுவாக எழுந்து ஆண்கள் ஹாலுக்குள் போய்விட்டார். இன்னொருவர் படியிறங்கினார். கடைசி நாற்காலியில் இருந்தவரும் எழுந்தார். ஆனால் ரஞ்சனி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் கணவனின் அண்ணன் கன்னியப்பன்.

"மாமா. தெனமும் இங்கதான் குந்திகினு இருப்பீங்களா?"

"இல்லம்மா, நான் இப்பத்தான்... டைம் ஆவுறதுக்கு முன்னாடி வந்துட்டேன்."

"வூட்ல நான் நைட்டியோட உங்க எதிர்ல வர மாட்டேன். தெரியுமில்ல?"

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். ஒன்று மாறி நுழைந்தது. அதைச் சரி செய்யாமலே இறங்கிப் போனார்.

மோகன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். "போதுமா? ஆஃப் பண்ணியாச்சு. இனிமே ஓடாது."

"போன்லயும் தெரியுமா அண்ணே?" என்று கேட்டாள் சந்திரலேகா. கல்யாணத்துக்கு முன்னால் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலின் வார்டன் அப்படித்தான் போனில் கேட் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மோகன் ரிமோட்டை மேஜை டிராயரில் போட்டு மூடினார். சுபஸ்ரீ கேட்டாள்.

"கேக்கறாங்கல்ல. போன்ல வருதா?"

"என் போன்ல கீது. ஓனர்னா பாக்க வேணாமா? வெளியூர் போனா ஜிம்மை யாரு பாக்கறது?"

"வேற யாரு போன்ல?"

"தம்பி போன்ல கீது. மாட்டின பையன் போன்ல இருக்கலாம். அவன்தான பாஸ்வேர்டு போட்டான்."

சுபஸ்ரீயின் முகம் மாறியது. அவள் தினமும் அந்த ஹாலில்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று எல்லாவற்றையும் முதலில் செய்து காட்டுகிறவள். தம்பி என்றால் அவளுடைய கொழுந்தன். ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் பிரியாணி சாப்பிடுகிறவன்.

"கழட்டு" என்றாள்.

"நாளைக்குப் பையன வரச் சொல்றேன். ஒயரு உள்ளாற போவுது, சும்மா இழுக்கக் கூடாது."

அவள் மறுபடி சொல்லவில்லை. உள்ளே போனாள். பெண்களும் போனார்கள். உட்கார்ந்து பயிற்சி செய்கிற ஸ்டூலை மூலையில் போட்டு ரஞ்சனி ஏறினாள். கை எட்டவில்லை. தோளில் இருந்த துண்டை வீசினாள், முதல் வீச்சில் விழுந்தது, இரண்டாவதில் கேமராவின் மேல் தொங்கியது. சுபஸ்ரீ நாலு இரும்புத் தட்டுகளை அடுக்கி அதன் மேல் ஸ்டூலை வைத்தாள். இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொள்ள, ஏறி ஒயரைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் சிமெண்ட் தூள் உதிர்ந்தது. கேமரா ஒயரோடு கீழே வந்து துண்டுக்குள் விழுந்தது.

மோகன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் காட்ட முடியாத கோபம் சந்திரலேகா பக்கம் திரும்பியது.

"ஒரு நாள் டிரயலுக்கு வந்துட்டு இன்னா வேலை பண்ணிட்ட நீ! உனக்கு இங்க அட்மிஷன் கெடையாது. வேற எடம் பாத்துக்க."

"சரிண்ணே" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வண்டியில் கிளம்பினார்கள். ரோட்டில் கார் ஏற்றிப் போகிற நீள லாரிகள் வரிசையாக நின்றன. லாரிகளைத் தாண்டி ஊருக்குள் திரும்பியதும் அவன்தான் ஆரம்பித்தான்.

"நான் தப்பா பாக்கலளா."

"தப்பா பாத்தீயன்னு நான் சொல்லல."

"பொறவு என்ன?"

"பொங்கல்லயிருந்து போறீய. அந்த டிவி அங்க இருக்கது உங்களுக்குத் தெரியும். நான் உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்தான்.

"தோணல. நீ உள்ள போயி எப்படிச் செய்யுதன்னு பாக்க ஆசையா இருந்துச்சு. அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருக்கவனும் அதைத்தான் பாக்கான்னு தோணவேயில்ல."

"இப்பத் தோணுதா?"

"இப்ப தோணுது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவனோடு சரியாகப் பேச முடியவில்லை. சமைத்தாள், சாப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்கள். கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கும்போது கூட, தன்னை மேலே ஒரு மூலையிலிருந்து பார்ப்பது போல இருந்தது. தெரியாத ஆட்கள் பார்த்ததை விட, தெரிந்த ஒருவன் பார்த்தும் ஒன்றும் தோன்றாமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது. அதை அவனிடம் சொல்லவும் தெரியவில்லை.

நெல்லையப்பன் ஜிம்முக்குப் போகவில்லை. வருஷத்துக்குக் கட்டியிருந்தான். ஒரு நாள் தானாகவே போய் மோகனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அவள் கேட்டபோது, "உங்க மேல மட்டும் தப்பில்லண்ணே, தெனம் பாத்துக்கிட்டு இருந்த எங்க மேலயும் தப்புதான்னு சொன்னேன். அவரு டீ வாங்கிக் குடுத்தாரு" என்றான். அதற்குப் பிறகு அவளால் அவனோடு கொஞ்சம் பேச முடிந்தது.

அவள் வேறு இடம் தேடினாள். படப்பையில் ஒன்று பார்த்தாள். அங்கே பெண்களுக்கென்று நேரமே இல்லை. இன்னொன்றில் பெண் டிரெயினர் உண்டு என்றார்கள், ஆனால் போன இரண்டு தடவையும் அவர் லீவில் இருந்தார். யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே செய்தாள். முதுகு இன்னும் அதிகமாக வலித்தது.

ஒரு சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. சுபஸ்ரீ. ரஞ்சனிக்குத் தெரிந்த ஒருத்தி சந்திரலேகாவின் கம்பெனியில் இருந்தாளாம், அவளிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"கொஞ்ச நாளா யாருமே வரலப்பா. நானும் கதவைத் தொறக்கல. இப்பத்தான் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சிருக்காங்க. ரஞ்சனி வூட்ல பெரிய சண்ட, அப்புறம் அவ வூட்டுக்காரரே கொண்டாந்து வுட்டாரு. உள்ள கேமரா கெடையாது. போன், நகை வெக்க பூட்டோட அலமாரி வாங்கிப் போட்டாச்சு. நீயும் வாயேன்."

"அண்ணன் எனக்கு அட்மிஷன் கெடையாதுன்னு சொன்னாவளே."

"அவர் சொன்னது அவர் ஹாலுக்கு. லேடீஸ் பேட்ச் என்னுது. அதை அவருக்கும் சொல்லிட்டேன்."

சந்திரலேகா உடனே சரி என்று சொல்லவில்லை. "வந்து பாக்கேன்க்கா" என்றாள்.

மறுநாளே போனாள். இந்தத் தடவை சந்துப் படிக்கட்டில் ஏறினாள். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கேமரா இருந்த இடத்தில் சிமெண்ட் பூசி, வர்ணம் அடிக்காமல் விட்டிருந்தார்கள். அலமாரியின் சாவியைத் திருகிப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் போய், மோகனுக்கு எதிரே நின்றாள்.

"அண்ணே, அந்த போன்ல இருக்கதையும் ஒருக்கா காட்டுதீயளா?"

மோகன் அவளைப் பார்த்தார். சுபஸ்ரீ கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். அவர் போனை எடுத்து அந்தச் செயலியைத் திறந்து, மேஜை மேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். மூன்று கட்டங்களில் வண்டிகள், படிக்கட்டு, ஆண்கள் ஹால். நான்காவது கருப்பாக இருந்தது.

"பாஸ்வேர்டு மாத்திட்டேன். தம்பி போன்ல எடுத்துட்டேன். பழைய ரெக்கார்டிங் எல்லாம் அழிச்சாச்சு. அதை எப்பிடிக் காட்றதுன்னு எனக்குத் தெர்ல. நம்பறதுன்னா நம்பு."

எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஒரு மாசத்துக்குக் கட்டுதேன்" என்றாள். "பொறவு பாக்கலாம்."

"வருஷத்துக்குக் கட்னா டிஸ்கவுண்ட்டு கீது" என்றார் பழக்கத்தில். உடனே அவரே, "சரி, ஒரு மாசமே கட்டு" என்றார்.

அப்படித்தான் சேர்ந்தாள். முதல் வாரம் முதுகு வலித்ததோடு தொடையும் வயிறும் சேர்ந்து வலித்தன. இரண்டாவது வாரம் பஸ்ஸில் உட்காரும்போது, வழக்கமாக வருகிற அழுத்தம் வரவில்லை என்பதைப் பாதி வழி போன பிறகுதான் கவனித்தாள்.

மூன்றாவது வாரம் ஷிஃப்ட் மாறியது. இரண்டாவது ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் கம்பெனியில் இருக்க வேண்டும். பயிற்சியை விட்டால் வலி திரும்பும். சுபஸ்ரீயிடம் கேட்டாள்.

"காலைல ஆம்பளைங்க பேட்ச்சாச்சே" என்றாள் சுபஸ்ரீ. "ஆனா நம்ம லேடீஸ் ஹால் காலியாத்தான் கெடக்குது. செகண்ட் ஷிஃப்ட் போறவங்க இன்னும் ரெண்டு பேரு கேட்டாங்க. இரு."

மறுநாள் காலை, சுபஸ்ரீ வரச் சொன்னபடி சந்திரலேகா போனபோது, மோகன் பக்கத்தில் டிரில் மெஷினை வைத்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, ரிசப்ஷனிலிருந்து பெண்கள் ஹாலுக்குப் போகிற கதவை அளந்துகொண்டிருந்தார். அதுவரை அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் கொண்டி. பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள்கள் இரண்டு, ஸ்க்ரூவோடு ஒரு காகிதத்தில் கிடந்தன. ஆண்கள் ஹாலில் யாரோ இரும்பைத் தடாலென்று கீழே போட்டார்கள்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"உள் பக்கம்தான் போடறேன். மேல போடட்டா, கீழ போடட்டா?"

"ரெண்டும் போடுங்கண்ணே" என்றாள் சந்திரலேகா.

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து, பென்சிலால் மேலே ஒரு குறி போட்டார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய், பாயை எடுத்து விரித்தாள்.